பினாங்கு ஜார்ஜ் டவுனை நண்பர்களோடு நடந்தே பார்க்க: டெல்டாக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தஞ்சாவூர், கும்பகோணம், திருவாரூர், நாகை, மயிலாடுதுறை பக்கத்திலிருந்து நண்பர்களாகச் சேர்ந்து பினாங்குக்குக் கிளம்புகிறவர்கள் கேட்கும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான். கேட்டவர்கள் கேட்டபடியே இங்கே தொகுத்திருக்கிறோம். எளியவை முதலில், சிக்கலானவை பின்னால். கட்டணமும் நேரமும் மாறக்கூடியவை. கிளம்பும் வாரத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

பினாங்கு, ஜார்ஜ் டவுன் ரெண்டும் ஒண்ணா, வேற வேறயா?

பினாங்கு ஒரு மலேசிய மாநிலம். ஒரு தீவும், அதற்கு எதிரே கரையில் ஒரு பகுதியும் சேர்ந்தது. ஜார்ஜ் டவுன் அந்தத் தீவின் வடகிழக்கு மூலையில் இருக்கும் பழைய நகரம். 1786-ல் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனிக்காக இங்கே வந்து இறங்கிய பிரான்சிஸ் லைட், தங்கள் மன்னர் மூன்றாம் ஜார்ஜின் பெயரை வைத்தார். 2008 ஜூலையில் மலாக்காவோடு சேர்ந்து யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் இடம்பிடித்தது.

அறை பதிவு செய்யும்போது இந்த வித்தியாசம் முக்கியம். வெறும் "பினாங்கு" என்று தேடினால் பத்து ஃபெரிங்கியில் கடற்கரை ஓட்டல் மலிவாக வந்து நிற்கும். அங்கிருந்து பழைய நகரம் சுமார் 15 கி.மீ. நடந்து பார்க்கப் போகிறவர்கள் லெபு சூலியா, லவ் லேன், ஆர்மேனியன் தெரு, முன்ட்ரி தெரு என்று தெருப் பெயரைப் போட்டுத் தேடுங்கள்.

கார் எடுத்துட்டா சீக்கிரம் முடிச்சிடலாமே, எதுக்கு நடக்கணும்?

யுனெஸ்கோ எல்லைக்குள் இருக்கும் மையப் பகுதியே சுமார் 109 ஹெக்டேர்தான், அதாவது ஒரு சதுர கிலோமீட்டரைக் கொஞ்சம் தாண்டும். தெருக்கள் குறுகல், பல தெருக்கள் ஒருவழி. பக்கத்துத் தெருவுக்குப் போகக் கார் ஊரைச் சுற்றும். நடப்பவர் 3 நிமிடத்தில் போய்விடுவார். நிறுத்த இடம் தேடுவது தனித் தொல்லை.

இங்கே தூரம் யாரையும் களைக்க வைப்பதில்லை. ஆளைச் சாய்ப்பது வெயிலும், குழுவுக்குள் ஆளுக்கு ஆள் மாறும் நடை வேகமும்தான். கீழே உள்ள பதில்களில் பாதி இந்த இரண்டைப் பற்றியதுதான்.

திருச்சியிலேர்ந்து எப்படிப் போறது? நாகப்பட்டினத்துலேர்ந்து கப்பல் இருக்குன்னாங்களே?

கப்பல் இருந்தது. எஸ்.எஸ். ரஜூலா சென்னையில் கிளம்பி நாகப்பட்டினத்தில் ஆள் ஏற்றிக்கொண்டு பினாங்கு வழியாக சிங்கப்பூர் போய்க்கொண்டிருந்தது. அதற்குப் பின் வந்த எம்.வி. சிதம்பரம் 1985-ல் தீப்பிடித்ததோடு அந்தப் பயணிகள் போக்குவரத்து முடிந்தது. இப்போது நாகையிலிருந்து போகும் பயணிகள் கப்பல் இலங்கையின் காங்கேசன்துறைக்கு. பேச்சில் இரண்டும் கலந்துவிடுகின்றன.

இன்றைக்கு வசதியான வழி திருச்சி – கோலாலம்பூர் விமானம், சுமார் 4 மணி நேரம். கோலாலம்பூரிலிருந்து பினாங்குக்கு மூன்று வழி: உள்நாட்டு விமானம் ஒரு மணி நேரம், இடிஎஸ் மின்ரயிலில் தீவுக்கு எதிர்க்கரையில் இருக்கும் பட்டர்வொர்த் வரை 4 மணி நேரத்துக்கு மேல், பிறகு ஃபெரி; இல்லையென்றால் கோலாலம்பூர் டிபிஎஸ் பேருந்து நிலையத்திலிருந்து பேருந்து, சுமார் 5 மணி நேரம். நேரம் இருந்தால் ரயிலும் ஃபெரியும்தான் எங்கள் சிபாரிசு. ஃபெரி கால் மணி நேரத்துக்குள் வெல்ட் குவே துறையில் இறக்கிவிடும். அங்கிருந்தே நடையைத் தொடங்கிவிடலாம். பினாங்கு விமான நிலையமோ ஊருக்குத் தெற்கே 16 கி.மீ. தள்ளி இருக்கிறது.

விசா எடுக்கணுமா?

சுற்றுலாவுக்கு வேண்டாம். 2023 டிசம்பர் 1 முதல் இந்தியர்களுக்கு 30 நாள் வரை விசா இல்லாத அனுமதி. 2026 டிசம்பர் 31 வரை நீட்டித்திருக்கிறார்கள். பாஸ்போர்ட் குறைந்தது 6 மாதம் செல்லுபடியாக இருக்க வேண்டும்.

ஆனால் மலேசிய டிஜிட்டல் வருகை அட்டையை ஒவ்வொருவரும் தனித்தனியே இணையத்தில் நிரப்ப வேண்டும். போய்ச் சேருவதற்கு 3 நாளுக்குள்தான் நிரப்ப முடியும், ஒரு வாரம் முன்னாலேயே முடித்துவிடலாம் என்றால் ஏற்காது. இது இலவசம். பணம் கேட்கும் தளம் எதுவாக இருந்தாலும் அது அரசுத் தளம் இல்லை. மூடிவிட்டு மலேசியக் குடிநுழைவுத் துறையின் தளத்துக்குப் போங்கள்.

எந்த மாசம் போனா நல்லது?

ஜனவரி, பிப்ரவரியில் மழை குறைவு. செப்டம்பர், அக்டோபர் மழை அதிகம். நம்மூரில் வடகிழக்குப் பருவமழை கொட்டும் டிசம்பரில் பினாங்கில் மழை குறைந்துகொண்டு வரும். ஏனென்றால் அது மலாய் தீபகற்பத்தின் மேற்குப் பக்கம். அந்தக் காற்றின் மழையைக் கிழக்குப் பக்கம் பெரும்பாலும் வாங்கிக்கொண்டுவிடும். சம்பா அறுவடை முடித்துவிட்டுக் கிளம்புகிறவர்களுக்குப் பிப்ரவரி கடைசியும் மார்ச்சும் சரியாக வரும்.

ஜனவரி, பிப்ரவரியில் இரண்டு விஷயம் பார்த்துக்கொள்ளுங்கள். சீனப் புத்தாண்டுக்கு இரண்டு மூன்று நாள் பல கடைகள் பூட்டிக் கிடக்கும். தைப்பூசத்துக்கு ஊரே திரளும், அறை வாடகை ஏறும். தைப்பூசத்துக்காகவே போகிறீர்கள் என்றால் அது வேறு பயணம். அன்று நகரத்தை நடந்து பார்க்கும் திட்டம் போடாதீர்கள். மே மாதப் பள்ளி விடுமுறையிலும் போகலாம், பிற்பகல் இடிமழைக்குத் தயாராக.

எத்தனை நாள் போதும்?

பழைய நகரத்துக்கு மட்டும் இரண்டு முழு நாள். பினாங்கு மலை, ஆயர் ஈத்தாம் கெக் லோக் சி கோயில், தண்ணீர்மலை முருகன் கோயில் எல்லாம் சேர்த்தால் மூன்றரை. ஒரே நாளில் முடிக்கிறேன் என்பவர்கள் மதிய வெயிலில் நடக்க வேண்டி வரும். அதுதான் தப்பு.

மொத நாள் காலையில எங்க ஆரம்பிச்சு எங்க முடிக்கிறது?

முதலில் கடிகாரம். மலேசிய நேரம் நம்மைவிட இரண்டரை மணி முன்னால். ஆனால் அங்கே சூரியன் உதிப்பது 7.15-ஐ ஒட்டித்தான். காலை 6 மணிக்குக் கும்மிருட்டு. நம்மூர் 5 மணிக்கு விழிக்கும் உடம்பு அங்கே 7.30-க்குத்தான் விழிக்கும், ஆகவே முதல் நாள் அலாரம் வைத்தே தீர வேண்டும். 7.30-க்கு நடக்கத் தொடங்கினால் 11.30-க்குள் முடிக்கலாம்.

எஸ்பிளனேடு மைதானத்தில் தொடங்குங்கள். ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் வெள்ளை நகர மண்டபம், கிழக்கே கார்ன்வாலிஸ் கோட்டை. முதலில் மரக்கட்டைகளை நட்டுக் கட்டி, பிறகு செங்கல்லுக்கு மாற்றிய கோட்டை. அந்த நேரத்தில் உள்ளே விடமாட்டார்கள், பராமரிப்பு வேலையும் நடப்பதுண்டு. வெளியிலிருந்து பார்த்தால் போதும். பக்கத்திலேயே விக்டோரியா மணிக்கூண்டு. ராணி ஆண்ட 60 ஆண்டுக்கு ஆண்டுக்கு ஓர் அடியாக 60 அடி உயரம். சற்றுத் தள்ளி நின்று பார்த்தால் லேசாகச் சாய்ந்திருப்பது தெரியும். இரண்டாம் உலகப் போர்க் குண்டுவீச்சின் மிச்சம்.

அங்கிருந்து லைட் தெரு வழியாக ஃபார்குவார் தெருவுக்கு வந்தால் 1818-ல் கட்டி முடித்த செயின்ட் ஜார்ஜ் தேவாலயம். அதை ஒட்டி தெற்கே இறங்குவது ஜாலான் மஸ்ஜித் கபித்தான் கெலிங். இந்த ஒரே தெருதான் காலை நடையின் முதுகெலும்பு. முதலில் குவான் யின் கோயில். காலையில் ஊதுபத்திப் புகை கண்ணை எரிக்கும், ஆனால் கூட்டத்தோடு பார்க்க அதுதான் நேரம். அடுத்து வலப்புறமும் இடப்புறமும் அலையாமல் கிழக்கே ஒரு தெரு தாண்டினால் குவீன் தெருவில் 1833-ல் எழுந்த மகாமாரியம்மன் கோயில். நம்மூர்க் கோயில்களைப் போலவே நண்பகலில் நடை சாத்துவார்கள், ஆகவே 9 மணிக்கு முன்னால் பின்னால் அங்கே இருங்கள். சுற்றிலும் லிட்டில் இந்தியா. காலைச் சிற்றுண்டியும் அங்கேயே.

பிறகு கபித்தான் கெலிங் பள்ளிவாசல். 1801-ல் தமிழ் முஸ்லிம்களின் தலைவராக இருந்த காதர் முகைதீன் நிறுவியது. அதற்குச் சற்றுக் கிழக்கே, லெபு சூலியாவும் கிங் தெருவும் சேரும் முனையில் நாகூர் தர்கா. பின் தெற்கே ஆர்மேனியன் தெரு, கேனன் சதுக்கத்தில் கூ கொங்சி, கடைசியாக 1808-ன் ஆச்சே தெருப் பள்ளிவாசல். உள்ளே போய் வருவது, திரும்புவது எல்லாம் சேர்த்தும் சுமார் 3 கி.மீ.தான் வரும்.

நாலு பேரு சொல்றாங்க மத்தியானம் நடக்கவே முடியாதுன்னு. நம்ம ஊர் வெயில் பார்த்தவங்களுக்கு அது ஒரு வெயிலா?

வெப்பமானி காட்டும் எண் நம்மூர்க் கத்திரியை விடக் குறைவாகவே இருக்கும், 31, 32 டிகிரி. ஆனால் ஈரப்பதம் அதிகம், சட்டை காயாது. வியர்வை காயாவிட்டால் உடம்பு குளிராது. அதனால்தான் மேட்டூர்த் தண்ணி வருமுன் வயலில் நின்று வேலை பார்த்தவரும் அங்கே மதியம் 2 மணிக்கு உட்கார இடம் தேடுகிறார்.

12 முதல் 4 வரை கூரைக்குக் கீழே இருங்கள். அறைக்குப் போய்க் குளித்துத் தூங்குவது முதல் தேர்வு. இல்லையென்றால் சர்ச் தெருவில் இருக்கும் பினாங்கு பெரானக்கான் மாளிகை, அல்லது லீத் தெருவில் இருக்கும் நீல மாளிகை என்கிற சியோங் ஃபாட் ட்சே மாளிகை. இரண்டுக்கும் கட்டணம் உண்டு. நீல மாளிகையில் குறித்த நேரத்தில் வழிகாட்டியோடு சுற்றிப் பார்க்கலாம், முன்பதிவு செய்துவிடுங்கள். அதன் சுவர் நீலம் சுண்ணாம்பில் அவுரி கலந்து அடித்தது.

4.30-க்கு மறுபடி கிளம்பினால் இருட்ட 7.30 ஆகும். மூன்று மணி நேரம் நல்ல வெளிச்சம். ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர், ஒரு உப்புச்சர்க்கரைப் பொட்டலம் பையில் இருக்கட்டும்.

கடைக்கு முன்னாடி கூரை போட்ட நடை இருக்காமே, அதுலயே போயிடலாமா?

அதற்கு அங்குள்ள தமிழர்கள் அஞ்சடி என்பார்கள். கடைவீடுகளின் முன்பக்கம் மாடியைத் தாங்கும் தூண்களுக்கு உள்ளே ஐந்தடி அகலத்துக்கு விட்ட நடைபாதை. வெயிலுக்கும் மழைக்கும் இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது. ஆனால் தொடர்ச்சியாக இருக்கும் என்று நம்பாதீர்கள்.

ஒவ்வொரு கடையும் தன் தளத்தைத் தன் உயரத்தில் போட்டிருக்கும். பூப்போட்ட ஓடு பதித்த தளத்திலிருந்து அரை அடி கீழே சிமெண்ட் தளத்துக்கு இறங்கும். அடுத்த வாசலில் மறுபடி ஏறும். போனைப் பார்த்துக்கொண்டு நடப்பவர்கள் விழுவது இங்கேதான். மழை பெய்தால் அந்த ஓடு வழுக்கும். மோட்டார் சைக்கிள் நிறுத்தி வழியையே அடைத்திருந்தால் தெருவில் இறங்கித்தான் தாண்ட வேண்டும். இறங்கும் இடத்தில் மூடாத சாக்கடை இருக்கும், கால் வைக்கும் முன் பாருங்கள். சீனர்களின் கடை வாசலில், தரையோடு தரையாகச் சிவப்பு மாடமும் ஊதுபத்திச் சட்டியும் இருக்கும். அதுவும் பூசை இடம். பையை அதன்மேல் வைப்பதோ, கால் படுவதோ கூடாது.

ஷூ போடறதா, செருப்பா?

குதிகாலில் பட்டை உள்ள, அடிப்பகுதி வழுக்காத சாண்டல். காரணம் எளிது: மேலே சொன்ன காலை நடையில் கோயில், தர்கா, பள்ளிவாசல் என்று பல இடத்தில் காலணியைக் கழற்ற வேண்டும். கயிறு கட்டும் ஷூ என்றால் ஒவ்வொரு முறையும் குழு முழுவதும் காத்திருக்கும். நனைந்த சாக்ஸ் ஒரு மணி நேரத்தில் கொப்புளம் போடும். ரப்பர் செருப்பு ஈரத்தில் வழுக்கும், குதிகாலும் வலிக்கும்.

புதிதாக வாங்கினால் ஊரிலேயே இரண்டு வாரம் போட்டு நடந்து பழக்குங்கள். விரல் இடுக்கில் வாஸ்லின் தடவிக்கொண்டால் உரசல் குறையும். உரசும் இடம் சிவக்கும்போதே பிளாஸ்திரி ஒட்ட வேண்டும். கொப்புளம் வந்த பிறகு ஒட்டி அதிகப் பலன் இல்லை.

நாங்க சுத்த சைவம். பட்டினி கிடக்கணுமா?

லிட்டில் இந்தியாவில் இட்லி, தோசை, வாழை இலைச் சாப்பாடு எல்லாம் கிடைக்கும். சிக்கல் வெளியே சாப்பிடும்போதுதான். காய்கறி மட்டும் போட்ட மாதிரித் தெரியும் கங்கோங் கீரைப் பொரியலில் பெலாச்சான் என்ற இறால் விழுது இருக்கும். சீனக் கடை நூடுல்ஸில் சிப்பிச் சாறோ பன்றிக் கொழுப்போ சேரலாம். "இறைச்சி வேண்டாம்" என்று சொன்னால் மீனும் இறாலும் அதில் அடங்காது என்று எடுத்துக்கொள்வார்கள். மலாயில் இப்படிச் சொல்லுங்கள்: "சாயா தாக் மாக்கான் டாகிங், இக்கான், ஊடாங், தெலோர்." இறைச்சி, மீன், இறால், முட்டை சாப்பிடமாட்டேன் என்று அர்த்தம். பெலாச்சான் வேண்டாம் என்பதையும் தனியே சொல்லிவிடுங்கள்.

பௌத்த சைவ உணவகங்களும் நிறைய. அங்கே கோழி, மீன் வடிவத்தில் இருப்பதெல்லாம் சோயாவும் மைதாப் பசையும்தான், பார்த்துப் பதற வேண்டாம். அசைவம் சாப்பிடும் நண்பர்கள் நாசி கண்டார் கடைக்குப் போகட்டும். ஒரு வேளையாவது பிரிந்து சாப்பிடுவது குழுவுக்கு நல்லது.

பத்து பேரா கிளம்பறோம். ஒண்ணாவே சுத்தலாமா?

ஒன்றாகவே சுற்றினால் நாள் பூராவும் ஆள் எண்ணிக்கொண்டிருப்பீர்கள். அஞ்சடியில் இரண்டு பேர்தான் சேர்ந்து நடக்க முடியும். பத்துப் பேர் நீண்ட வரிசை ஆகிவிடும், முன்னால் போகிறவர் திரும்பிய முனை பின்னால் வருகிறவருக்குத் தெரியாது. கிராப் செயலியில் கூப்பிடும் சாதாரண வாடகைக் காரில் நான்கு பேர். காப்பிக் கடை மேசையிலும் நான்கைந்து பேர்தான். ஆகவே மூன்று, நான்கு பேராகப் பிரியுங்கள். வேகமாக நடப்பவர்கள் ஒரு குழு, நின்று படம் எடுப்பவர்கள் ஒரு குழு. நட்பு அடிப்படையில் பிரித்தால் சண்டை வரும். நடை வேகத்தில் பிரியுங்கள்.

சந்திக்கும் இடமும் நேரமும் முன்பே பேசிவையுங்கள். கூரை உள்ள இடமாக இருக்கட்டும், மழையில் திறந்த முனையில் நிற்க முடியாது. வாட்ஸ்அப்பில் இருப்பிடம் பகிர்வது உதவும். ஆனால் எல்லாரிடமும் அந்த ஊர் சிம் இருக்காது. குழுவுக்கு இரண்டு சிம் குறைந்தபட்சம், இருவர் போனிலும் ஊர் வரைபடத்தை முன்பே இறக்கி வையுங்கள். திசை தவறினால் கோம்தார் கோபுரத்தைத் தேடுங்கள். பழைய நகரத்துக்குத் தென்மேற்கில் நிற்கும் அது பல தெருக்களிலிருந்து தெரியும்.

செலவை எப்படிப் பிரிச்சுக்கறது? ரிங்கிட் எவ்வளவு எடுத்துட்டுப் போகணும்?

தங்குமிடமும் பயணமும் போக, நடக்கும் நாளுக்கு ஆளுக்கு 80 ரிங்கிட் கணக்கு வைத்தால் தாராளம். சாதாரணச் சாப்பாடு 8 முதல் 15, தே தாரிக் என்ற ஆற்றிய பால் டீ 2, 3 ரிங்கிட். மிச்சம் நுழைவுச்சீட்டுக்கும் அவசரக் காருக்கும். காலையில் ஆளுக்கு 50 ரிங்கிட் ஒரே பையில் போட்டு, ஒருவர் கையில் கொடுங்கள், மறுநாள் வேறொருவர். ஒவ்வொரு டீக்கும் கணக்கெழுதும் குழு இரண்டாம் நாளே முகம் தூக்கும்.

சாலையோரக் கடைகளில் ரொக்கம் வேண்டும். கழிப்பறைக்குச் சில்லறை. லிட்டில் இந்தியாவில் பணம் மாற்றும் கடைகளில் விகிதம் பெரும்பாலும் விமான நிலையத்தை விட மேல். பலர் மறக்கும் ஒன்று: வெளிநாட்டவருக்கு ஓர் அறைக்கு ஓர் இரவுக்கு 10 ரிங்கிட் சுற்றுலா வரி, அதோடு சிறு உள்ளூர்க் கட்டணமும். இணையத்தில் முழுப் பணம் கட்டியிருந்தாலும் வரவேற்பு மேசையில் இதைக் கேட்பார்கள். ஏமாற்று இல்லை, கொடுத்துவிடுங்கள்.

மேப்புல ஒரு பேரு, போர்டுல ஒரு பேரு, ஆட்கள் சொல்றது வேற. எதை நம்பறது?

மூன்றும் சரிதான். லெபு என்றால் தெரு, ஜாலான் சாலை, லோரோங் சந்து. பீச் ஸ்ட்ரீட் என்பதும் லெபு பந்தாய் என்பதும் ஒன்று. சர்ச் ஸ்ட்ரீட் லெபு கெரேஜா. மார்க்கெட் ஸ்ட்ரீட் லெபு பாசார். காலை நடையில் சொன்ன ஜாலான் மஸ்ஜித் கபித்தான் கெலிங்கைப் பழைய ஆட்கள் இன்னும் பிட் ஸ்ட்ரீட் என்பார்கள். பெயருக்கு முன் "காட்" என்று இருந்தால் அது தெருவின் கடல் பக்க நீட்சி, பின்னாளில் கடலைத் தூர்த்த பகுதி.

உண்மையில் ஆளை அலைக்கழிப்பது ஒரு ஜோடிதான்: லெபு பினாங்கு, ஜாலான் பினாங்கு. முதலாவது லிட்டில் இந்தியாவின் நடுவே; இரண்டாவது ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் மேற்கே. கிராப் காருக்கு முகவரி போடும்போது முதல் சொல்லைப் பாருங்கள்.

நாகூர் தர்கா அங்கேயும் இருக்கா? அது வேறயா, இதுதானா?

நாகூரில் அடக்கமான ஷாகுல் ஹமீது ஆண்டவர் நினைவாக, இங்கிருந்து போன தமிழ் முஸ்லிம்கள் 1800-களின் தொடக்கத்தில் அங்கே எழுப்பியது. அடக்கத்தலம் நாகூரில்தான், பினாங்கில் இருப்பது நினைவுத் தலம். சிங்கப்பூரிலும் ஒன்று உண்டு. நாகூரின் ஐந்து மினாராக்களைப் பார்த்துப் பழகியவர்கள் அந்த அளவை எதிர்பார்த்தால் கடந்தே போய்விடுவீர்கள். கடைகளுக்கு நடுவே முனையில் நிற்கும் சின்னக் கட்டடம்.

பள்ளிவாசல் உள்ள இந்துக்கள் போகலாமா? பொண்ணுங்க?

கபித்தான் கெலிங் பள்ளிவாசலில் தொழுகை இல்லாத நேரத்தில் எல்லாரும் போகலாம், பெண்களும். முழங்கால் மறையும் உடை வேண்டும். இல்லாதவர்களுக்கு அங்கியும் தலைத்துணியும் வாசலில் தருவார்கள். பகல் தொழுகை ஒன்றேகாலை ஒட்டி, அடுத்தது நாலரையை ஒட்டி. வெள்ளிக்கிழமை 12 முதல் 3 வரை அந்தப் பக்கமே திட்டம் வேண்டாம். தொழுகை மண்டபத்தில் யாராவது தொழுதுகொண்டிருந்தால் முன்னால் குறுக்கே போகக் கூடாது.

சுவத்துல படம் வரைஞ்சிருப்பாங்களே, எல்லாத்தையும் பார்க்க மேப் கிடைக்குமா?

கிடைக்கும், ஆனால் அந்த மேப்பை வைத்து நடப்பது வீண் என்பது எங்கள் எண்ணம். லிதுவேனிய ஓவியர் எர்னஸ்ட் சஹரேவிச் 2012-ல் வரைந்தவைதான் பேர்பெற்றவை. ஆர்மேனியன் தெருவில் சைக்கிள் ஓட்டும் இரண்டு குழந்தைகள் படத்துக்கு முன் 10 மணிக்கு மேல் வரிசை நிற்கும். 8 மணிக்குள் போனால் யாரும் இருக்கமாட்டார்கள். சில படங்கள் வெயிலிலும் மழையிலும் மங்கிவிட்டன. வழியில் கம்பியை வளைத்துச் செய்த கேலிச் சித்திரங்கள் 52 உண்டு. அந்தந்தத் தெருவின் பழைய தொழிலைச் சொல்பவை. நடக்கும்போது தலையை நிமிர்த்தினால் போதும், தானாகவே கண்ணில் படும்.

கடல் மேல கட்டின வீடுகள்ல சூரிய அஸ்தமனம் சூப்பரா இருக்குமாமே?

இருக்காது. வெல்ட் குவேயை ஒட்டிய சியூ ஜெட்டி முதலிய குலத்துறைகள் கிழக்குப் பார்த்தவை. சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் நகரத்துக்குள் இறங்கும். மாலை வெளிச்சம் மரவீடுகள் மேல் விழுவது அழகு, அதற்காக 6 மணிக்குப் போங்கள். சூரியன் தண்ணீரில் தெரிய வேண்டுமென்றால் விடிகாலை ஃபெரியில் போய்த் திரும்புங்கள்.

இவை குடியிருப்புகள். ஒவ்வொரு துறையிலும் ஒரே குடும்பப் பெயர்க்காரர்கள் தலைமுறையாக வாழ்கிறார்கள். திறந்திருக்கும் கதவுக்குள் கேமராவை நீட்டாதீர்கள், இரவு 9-க்கு மேல் போகாதீர்கள், பத்துப் பேராகப் பலகையில் தடதடவென நடக்காதீர்கள்.

நாங்க நாலு பொண்ணுங்க மட்டும் போறோம். ராத்திரி நடக்கலாமா?

லெபு சூலியா, கிம்பர்லி தெரு, லவ் லேன் பக்கம் இரவு 10 வரை ஆள் நடமாட்டம் இருக்கும், நடக்கலாம். அதற்கு மேல் காலியான சந்துகளைத் தவிர்த்து கார் கூப்பிடுங்கள். அங்கே கவனிக்க வேண்டியது மோட்டார் சைக்கிளில் வந்து பை பறிப்பது. பையைச் சாலைக்கு மறுபக்கத் தோளில் மாட்டுங்கள், நடைபாதை விளிம்பில் நின்று போன் பார்க்காதீர்கள்.

அம்மாவுக்கு முட்டி வலி, ஆனா அவங்களும் வரேங்கறாங்க. என்ன பண்றது?

கேட் என்ற இலவசப் பேருந்து பழைய நகரத்துக்குள் சுற்றி வருகிறது, வெல்ட் குவேயிலிருந்து ஏறலாம். அஞ்சடியின் ஏற்ற இறக்கம் முட்டிக்கு ஆகாது, அம்மாவைத் தெருவோரமாகவே நடத்துங்கள். காலை நடையை இரண்டாக வெட்டி, முதல் நாள் மாரியம்மன் கோயில் வரை, மறுநாள் மீதி. மூன்று சக்கர ரிக்‌ஷாவில் இருவர் உட்காரலாம். ஏறும் முன்பே விலை வண்டிக்கா ஆளுக்கா, ஒரு மணிக்கா அரை மணிக்கா என்று கேட்டுவிடுங்கள். சண்டை அங்கேதான் வரும்.

எங்கள்ல ரெண்டு பேரு பத்தாவது முடிக்கல, பாஸ்போர்ட்ல இசிஆர் இருக்கு. திருச்சியிலயே திருப்பி அனுப்பிடுவாங்களா?

இசிஆர் என்பது, வேலைக்காக வெளிநாடு போகுமுன் அரசிடம் குடிபெயர்வு அனுமதி வாங்க வேண்டும் என்ற பாஸ்போர்ட் குறிப்பு. அந்த அனுமதி வேலைக்குப் போகிறவர்களுக்கானது. அது தேவைப்படும் நாடுகள் பட்டியலில் மலேசியாவும் இருப்பதால்தான் சுற்றுலா என்று கிளம்பும் இசிஆர் பாஸ்போர்ட்காரர்களைக் கூடுதலாகக் கேள்வி கேட்கிறார்கள். சுற்றுலாவுக்கு அந்த அனுமதி வேண்டாம். ஆனால் சுற்றுலாதான் என்று காட்ட வேண்டியது நீங்கள்.

திரும்பும் டிக்கெட், அறைப் பதிவு, செலவுக்குப் பணம் மூன்றும் ஒவ்வொருவர் கையிலும் காகிதமாக இருக்கட்டும். அறைப் பதிவில் ஒருவர் பெயர் மட்டும் இருந்தால் எல்லார் பெயரையும் சேர்க்கச் சொல்லி ஓட்டலுக்கு எழுதுங்கள். எங்கே தங்குகிறோம், எத்தனை நாள், யார் யார் என்று கேட்டால் எல்லாரும் ஒரே பதில் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். கோலாலம்பூரிலும் இதே கேள்விகள் வரும். அங்கே போய் வேலை பார்க்கலாம் என்று யாராவது ஏஜெண்ட் சொல்லியிருந்தால் அந்த நண்பரை விட்டுவிட்டுக் கிளம்புங்கள். விசா இல்லாத அனுமதியில் வேலை செய்வது குற்றம்.

கோலாலம்பூர்ல ரெண்டு மணி நேர இடைவெளியில பினாங்கு விமானம் மலிவா இருக்கு. எடுத்துடலாமா?

ஒரே பதிவில் இணைப்பாக வந்தால் எடுக்கலாம். தனித்தனி டிக்கெட் என்றால் கூடாது. குடிநுழைவு வரிசை, பெட்டி எடுப்பது, மறுபடி பதிவு, மறுபடி சோதனை என்று எல்லாம் உங்கள் பொறுப்பு. முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது டிக்கெட் பணம் போனதுதான். குறைந்தது 4 மணி நேரம் விடுங்கள். எந்த முனையம் என்றும் பாருங்கள்: ஏர்ஏசியா 2-ஆம் முனையம், வேறு பல நிறுவனங்கள் 1-ஆம் முனையம், இடையே ரயில் பிடிக்க வேண்டும்.

ஏர்ஏசியாவில் கைப்பை மொத்தம் 7 கிலோ. பத்துப் பேருக்கான ஊறுகாயை ஒருவர் கைப்பையில் வைத்தால் பாதுகாப்புச் சோதனையிலேயே எடுத்துவிடுவார்கள், 100 மில்லிக்கு மேல் திரவமும் குழம்பும் கைப்பையில் போகாது.

ராஜேந்திர சோழன் பிடிச்ச கடாரம் அங்கதானே? நடந்து போய்ப் பார்க்கலாமா?

கடாரம் என்பது இன்றைய கெடா மாநிலம், பினாங்குக்கு வடக்கே எதிர்க்கரையில். 1025 படையெடுப்பைத் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டின் மெய்க்கீர்த்தி ஊர் ஊராகப் பட்டியலிடுகிறது. அதற்கு முன்பே கடாரத்து அரசர் நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரம் எழுப்ப, ராஜராஜன் ஆனைமங்கலத்தை அதற்குக் கொடுத்தார். ஆக நாகைக்காரர்கள் கேட்பதில் நியாயம் உண்டு.

பார்க்க வேண்டியது மெர்போக் அருகே பூஜாங் பள்ளத்தாக்குத் தொல்பொருள் அருங்காட்சியகம். அதன் வளாகத்திலேயே புக்கிட் பத்து பஹாட் கோயிலின் கல் அடித்தளம் இருக்கிறது. சோழர் கட்டிய கோபுரத்தை எதிர்பார்க்காதீர்கள். அடித்தளங்கள், சிலைத் துண்டுகள், மணிகள்தான், சில சோழருக்கும் முந்தியவை. நடக்கும் தூரம் இல்லை. ஃபெரியில் பட்டர்வொர்த் தாண்டி அங்கிருந்து சுமார் ஒரு மணி நேரம் கார். பேருந்தை நம்பிக் கிளம்ப வேண்டாம், திரும்பி வரக் காரும் அங்கே எளிதில் கிடைக்காது. போகும் ஓட்டுநரையே காத்திருக்கச் சொல்லி அரை நாளுக்கு விலை பேசிக்கொள்ளுங்கள்.